இருபத்திரண்டு அடி வெல்வெட்

நூற்றைம்பது இன்ச். அதில் ஒரு இன்ச் குறைந்தாலும் பெரியவனுக்கு மானம் போய்விடும். அவன் ஆபீசில் யாரோ ஒருத்தன் வீட்டில் நூற்றிருபது இன்ச் திரை கட்டியிருக்கிறானாம். அந்தப் புண்ணியவான் நூறோடு நிறுத்தியிருந்தால் இந்த வயிற்றெரிச்சலே வந்திருக்காது.

"சுவர்ல ஒட்டிக் காட்டு, பார்ப்போம்" என்றான் பெரியவன்.

சின்னவன் ஏணியில் ஏறினான். காகித டேப்பை இழுத்து இழுத்து ஹால் சுவரில் ஒரு பெரிய கட்டம் ஒட்டினான். பதினோரு அடி அகலம், ஆறடிக்குக் கொஞ்சம் மேலே உயரம். சுவரே பன்னிரண்டு அடிதான். ஓரத்தில் அரையடி அரையடி விட்டுவிட்டு மிச்சமெல்லாம் திரை என்று ஆகிவிட்டது. பெரியவன் சோபாவில் சாய்ந்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, "அடேயப்பா!" என்றான். அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா இருக்கே தம்பி" என்றாள். வெறும் டேப்புக்கே இவ்வளவு பெருமை.

சின்னவனுக்கு நாற்பத்தாறு வயது. தலையில் பாதி முடி போயாச்சு. ஹோம் தியேட்டர் போடுவதுதான் பதினெட்டு வருஷமாகத் தொழில். எந்த வீட்டுக்குப் போனாலும் "சார்" என்று உட்கார வைத்து, என்ன புரொஜெக்டர், எத்தனை இன்ச் என்று அவனைக் கேட்டுத்தான் செய்வார்கள். ஆனால் அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் அவன் சின்னவன்தான். அங்கே அவனுக்கு வாய் கிடையாது, தலை மட்டும் உண்டு. அதுவும் மேலும் கீழும் மட்டும்தான் ஆடும்.

இருந்தாலும் தொழில் தொழில்தானே. அளவு டேப்பை எடுத்து, திரை வரப்போகிற சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை இழுத்தான். பதிமூன்று அடி.

"அண்ணே, பத்தாது" என்றான். "நீங்க காட்டுன புரொஜெக்டர் நூத்தம்பது இன்ச் படம் காட்டணும்னா பதினாறு, பதினேழு அடி பின்னாடி தள்ளி மாட்டணும். இங்க பதிமூணுதான் இருக்கு. நூறு இன்ச்னா தாராளமா நிக்கும். படமும் பளிச்சுன்னு இருக்கும். பெருசா இழுக்க இழுக்க வெளிச்சம் நீர்த்துப் போயிடும்."

"நூறா? என்னைப் பார்த்தா உனக்கு எப்படித் தெரியுது?"

"இல்லன்னா சுவர்கிட்டயே தரையில வச்சு மேல அடிக்கிற மாதிரி புரொஜெக்டர் இருக்கு. அதுல நூத்திருபது வரைக்கும் போகலாம். இடமே வேணாம்."

பெரியவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எழுந்துபோய் எதிர்ச் சுவரை விரல் மடக்கித் தட்டினான். டொக் டொக் என்றது. கட்டிடக் கம்பெனியில் மேலாளர், சுவரைத் தட்டியே அதன் ஜாதகம் சொல்லிவிடுவான்.

"இது வெறும் தடுப்புச் சுவர்டா. மேல பீம் ஓடுது. இடிச்சா ஒண்ணும் ஆகாது. இடிச்சா மொத்தம் எத்தனை அடி?"

சின்னவன் டேப்பைச் சுருட்டினான். அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் அறை.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் இருவருக்கும் மூத்தவள், அறுபதுக்கு ஒன்று குறைச்சல், கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லை என்பதைவிட, அதைப் பற்றி யோசிக்க வேண்டிய ஆட்கள் யோசிக்கவில்லை என்பதுதான் சரி. அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது பெரியவன் கல்லூரியில், சின்னவன் பள்ளிக்கூடத்தில். அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்தவள்தான். பள்ளிக்கூடத்துச் சீருடையாகத் தைத்துத் தைத்து இரண்டு பேரையும் படிக்க வைத்தாள். அப்பா கட்டிய வீட்டைப் பெரியவன் பேருக்கு மாற்றியபோது முதல் கையெழுத்து அவளுடையது. "எனக்கு எதுக்குடா வீடு? மிஷின் போட ஒரு ரூம் இருந்தாப் போதும்" என்று சிரித்துக்கொண்டே போட்டாள். பைத்தியக்காரி. அந்த ஒரு ரூமையாவது காகிதத்தில் எழுதி வாங்கியிருக்க வேண்டாமா?

அந்த ரூம்தான் இது. ஒன்பது அடி, ஒரு கட்டில், ஒரு மிஷின், கிழக்கே ஒரு ஜன்னல். காலை வெளிச்சம் நேரே ஊசி முனையில் விழும். கண்ணாடி போடாமல் நூல் கோர்ப்பேன் என்று இன்றைக்கும் பந்தயம் கட்டுவாள்.

"இருபத்திரண்டு" என்றான் சின்னவன் கடைசியில். "பதிமூணும் ஒன்பதும்."

"அப்புறம் என்ன! நூத்தம்பது அம்சமா உட்காரும்."

"அக்கா?"

பெரியவன் குரலைத் தாழ்த்தினான். "நானா போகச் சொல்றேன்? இடம் பத்தல, அவ்வளவுதான். நீயே பக்குவமா எடுத்துச் சொல்லு. டெக்னிக்கலா வேற வழி இல்லைன்னு சொல்லு. நான் சொன்னா தப்பா எடுத்துப்பா, நீ சொன்னா கேட்டுப்பா. அவ வேலை பார்க்கிற யூனிஃபார்ம் கடைக்கு மேல ரூம் காலியா இருக்காம். அவளுக்கும் நடை மிச்சம்." பிறகு சும்மா ஞாபகம் வந்தமாதிரி, "எங்க கம்பெனி புதுசாக் கட்டுற வீடுகள் எல்லாத்துலயும் தியேட்டர் ரூம் வருது. நம்ம வீட்டைக் காட்டித்தான் உன்னைச் சிபாரிசு பண்ணணும்" என்றான்.

சின்னவன் தலை மேலும் கீழும் ஆடியது.

பக்குவமாக எடுத்துச் சொல்வதற்கு அவனுக்கு ஒரு வாரம் ஆகியும் நல்ல நேரம் வரவில்லை. திங்கட்கிழமை அக்காவுக்குத் தலைவலி. புதன்கிழமை இவனுக்கு வேலை. வெள்ளிக்கிழமை வாசல்வரை போய், உள்ளே மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, தொந்தரவு பண்ண வேண்டாம் என்று பெருந்தன்மையாகத் திரும்பிவிட்டான். கோழைக்குத்தான் எத்தனை சாக்கு கிடைக்கிறது!

இதற்கு நடுவில்தான் வெல்வெட் வந்தது. தியேட்டர் அறையில் பக்கச் சுவர் இரண்டிலும் கனமான கறுப்புத் துணி தொங்க வேண்டும். வெளிச்சம் வரக்கூடாது, சத்தமும் சுவரில் பட்டு எதிரொலிக்கக் கூடாது. அண்ணிதான் துணி எடுத்து வந்தாள். "வீட்டுலயே தையல்காரங்க இருக்கும்போது வெளியில எதுக்குக் குடுக்கணும்? அளவை மட்டும் எழுதிக் குடுங்க தம்பி" என்றாள்.

சின்னவன் எழுதிக் கொடுத்தான். எந்த வேலைக்கும் சீட்டு எழுதுவது அவன் பழக்கம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டு சீட்டும் பென்சிலும் இருக்கும். கை தானாக எழுதியது: பக்கத் திரை, கறுப்பு, இரண்டு. உயரம் ஒன்பதரை அடி. நீளம் இருபத்திரண்டு அடி. கீழே கோடு வேறு போட்டான். துணியையும் சீட்டையும் அக்காவின் மிஷின்மேல் வைத்துவிட்டு, ஒரு வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினான்.

மறுநாள் காலையில் அக்காவிடமிருந்து போன். "ஒரு சந்தேகம்டா. வந்துட்டுப் போ."

போனான். அக்கா மிஷினில்தான் உட்கார்ந்திருந்தாள். வெல்வெட் பிரிக்கப்படவே இல்லை. சீட்டு மட்டும் அவள் கையில் இருந்தது.

"இது என்னடா அளவு?"

"பக்கத் திரைக்கா."

"அது தெரியுது. ஹால் பதிமூணு அடி. இந்த வீட்டுல இருக்கிற ஒவ்வொரு ஜன்னலுக்கும் கதவுக்கும் நான்தான் திரை தைச்சிருக்கேன். எனக்கு அளவு சொல்லுவியா? இருபத்திரண்டுன்னு போட்டிருக்கே. மிச்சம் ஒன்பது எங்க தொங்கப் போகுது?"

சின்னவனுக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரியிடம் போய் அளவை எழுதிக் கொடுத்திருக்கிறான் மடையன்! ஊரில் வேறு யாரிடம் அந்தச் சீட்டைக் கொடுத்திருந்தாலும் வெறும் எண்ணாகத்தான் பார்த்திருப்பார்கள்.

"அண்ணன் உன்கிட்டப் பேசலையா?" என்றான் திருட்டு முழி முழித்துக்கொண்டு.

"என்கிட்ட யாரு பேசுறா?"

அவன் மென்று முழுங்கிச் சொன்னான். புரொஜெக்டர் என்றான், தூரம் என்றான், பீம் என்றான். யூனிஃபார்ம் கடைக்கு மேலே இருக்கிற ரூமையும் ஒருவழியாகச் சொல்லிவிட்டான். அவன் முடித்ததும் அக்கா சீட்டை நான்காக மடித்து மிஷின் டிராயரில் வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு. இந்தச் சுவரை இடிக்காம அந்தப் படம் தெரியாதா?"

கேள்வி அவ்வளவுதான். நீட்டி முழக்கி எதுவும் கேட்கவில்லை. தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நூறு இன்ச்சில் தெரியும், தரையில் வைக்கிற புரொஜெக்டரில் நூற்றிருபதும் தெரியும். அவள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பெரியவனிடம் போய் நியாயம் கேட்டிருப்பாள். அவனும் தம்பியே சொன்னபிறகு முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்? சின்னவனுக்கு இதெல்லாம் தெரியும். பெரியவன் முறைப்பதும் கண்முன் வந்தது, கம்பெனி கட்டுகிற புது வீடுகளும் வரிசையாக வந்து நின்றன.

"தெரியாதுக்கா" என்றான். "லென்ஸ் கணக்கு அப்படி."

"லென்ஸ் கணக்கு" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். "சரி. நீ படிச்சவன். உனக்குத் தெரியாததா?"

கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் நம்பித்தான் சொன்னாள். அந்தப் படிப்புக்குத் தைத்தவள் அவள். நம்பாமல் வேறு என்ன செய்வாள்?

ஆனாலும் அவள் உடனே எழுந்திருக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் வீட்டுக்கு வந்துடுக்கா என்று அவன் சொல்வான் என எதிர்பார்க்கிறாள் என்பது அவனுக்கு நன்றாகவே புரிந்தது. அவன் வீட்டிலும் ஒரு ரூம் இருந்தது, ஸ்பீக்கர் பெட்டிகள் அடுக்கி வைத்த ரூம். ஒரு நாள் மெனக்கெட்டால் காலி செய்துவிடலாம். அந்த வார்த்தை தொண்டைவரைக்கும் வந்தது. கூடவே பெண்டாட்டி முகமும் ஞாபகத்துக்கு வந்தது. "டீ குடிக்கிறியாக்கா, போட்டுட்டு வரச் சொல்லவா?" என்று கேட்டான்.

"வேணாம்டா" என்றாள் அக்கா. வெல்வெட்டைப் பிரித்தாள்.

பதினைந்தே நாள். அக்கா கட்டிலையும் மிஷினையும் ஒரு சின்ன வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். பெரியவன் அன்றைக்கு வெளியூரில் வேலை என்று கிளம்பிவிட்டான். சின்னவன் மிஷினைத் தூக்கிவிட்டான், பெரிய உதவி! சுவர் ஒன்றரை நாளில் விழுந்தது. பெரியவன் சொன்னது சரிதான், வெறும் தடுப்புச் சுவர், தள்ளினாலே விழுகிற ஜாதி. பீம் மட்டும் கூரையில் குறுக்கே நின்றது. ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

புரொஜெக்டர் வந்தது, திரை வந்தது, சாய்வு நாற்காலி நாலு வந்தது. கடைசியாக சப்வூஃபர், அதான் அடிவயிற்றில் உறுமுகிற அந்தப் பெட்டி. பன்னிரண்டு இன்ச் போதும் என்று சின்னவன் ஆரம்பத்தில் சொன்னான். இடம் பெரிதானபிறகு பன்னிரண்டு எப்படிப் போதும் என்று பெரியவன் மடக்கினான். பதினைந்து இன்ச் வந்து இறங்கியது, நாலு பேர் சேர்ந்து தூக்கினார்கள்.

அதை வைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆள் உட்காருகிற இடத்தில் முதலில் பெட்டியை வைத்து ஓடவிட வேண்டும். பிறகு அதைப் பொருத்துகிறவன் தரையில் மண்டிபோட்டு, காதைத் தாழ்த்தி, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே போக வேண்டும். எந்த இடத்தில் உறுமல் குழறாமல் சுத்தமாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை மாற்றி வைத்தால் நாற்காலியிலும் அப்படியே கேட்கும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். ஆனால் இதைவிட நல்ல வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அப்படித் தவழ்ந்துகொண்டிருக்கும்போதுதான் அக்கா உள்ளே வந்தாள். தைத்து முடித்த வெல்வெட்டை இரண்டு மூட்டையாக ஆட்டோவில் கொண்டுவந்திருந்தாள். சின்னவன் நாலு காலில் நின்றபடி தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் அந்த நீளமான அறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள். ஜன்னல் இருந்த இடத்தில் கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள்.

"என்னடா தேடுற?"

"சத்தம் நல்லாக் கேக்குற இடம்க்கா."

"கிடைச்சா எனக்கும் சொல்லு. நாற்பது வருஷமா இந்த வீட்டுல நானும் பேசிப் பார்க்குறேன், எங்க நின்னு பேசினாலும் யாருக்கும் கேக்க மாட்டேங்குது."

சொல்லிவிட்டு அவளே ஏணியில் ஏறித் திரையை மாட்டினாள். இருபத்திரண்டு அடி, ஒரு நூல் கூடக் குறையவில்லை. சுருக்கெல்லாம் ஒரே அளவு. அண்ணி தொட்டுப் பார்த்து, "கடையில வாங்கின மாதிரியே இருக்கு" என்றாள். அவளுக்குத் தெரிந்த உச்சபட்சப் பாராட்டு அதுதான். அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள்.

முதல் படம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பெரியவன் ஆபீஸ்காரர்களைக் கூப்பிட்டிருந்தான், நூற்றிருபது இன்ச்காரனையும் சேர்த்து. கதவை அடைத்து, விளக்கை அணைத்து, படத்தைப் போட்டார்கள். படம் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் இருமல் மருந்தில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது. ஆட்களின் முகம் களையில்லாமல் கிடந்தது. இருட்டுக் காட்சியில் யார் யாரை அடிக்கிறான் என்றே புரியவில்லை. சப்வூஃபர் உறுமியபோது அறையின் பின்பாதி காலிப் பீப்பாய் மாதிரி முழங்கியது. நூற்றிருபது இன்ச்காரன் போகும்போது, "நல்லா இருக்கு சார்" என்றான். அவன் சொன்ன விதத்திலேயே பெரியவனுக்கு அன்றைக்குத் தூக்கம் போயிருக்கும்.

ஒரு மாதம் ஓடியது. அண்ணிக்குத் தலைவலி வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கழுத்தைத் திருப்பித் திருப்பி, பிடித்துக்கொண்டது என்றாள். அதற்கப்புறம் யாரும் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. ஒரு சனிக்கிழமை பெரியவன் சின்னவனைக் கூப்பிட்டனுப்பினான்.

"நூறு போதும்டா" என்றான், ஏதோ தானே கண்டுபிடித்தமாதிரி. "படம் பளிச்சுன்னு இருக்கணும். உனக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியாதா? தொழில் பண்றவன்தானே நீ?"

சின்னவன் தலை வழக்கம்போல் மேலும் கீழும் ஆடியது.

"புரொஜெக்டரை முன்னாடி கொண்டுவா. நாற்காலியையும். பின்னாடி எதுக்கு இவ்வளவு இடம் வெட்டியா? சத்தம் வேற முழங்குது. குறுக்க ஒரு பலகைத் தடுப்பு போட்டுடலாம். உங்க அண்ணியும் பழைய சாமான் போட இடம் இல்லன்னு சொல்லிட்டே இருக்கா."

"தடுப்பு எங்க போடறது?"

"எங்கயா? பீம் இருக்கிற இடத்துலதான் நிறுத்த முடியும். வேற எங்க பிடிப்பு இருக்கு?"

தச்சர் வந்தார். பீமுக்குக் கீழே பலகையை நிறுத்தினார். சின்னவன் நூறு இன்ச் திரையை மாட்டி, புரொஜெக்டரைப் பதினோரு அடியில் தொங்கவிட்டு, படத்தைப் போட்டான். கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இருந்தது. பெரியவன் முதல்தடவையாக வாய்விட்டு, "இதுடா படம்!" என்றான். கம்பெனி வீடுகளைப் பற்றி சின்னவன் மெதுவாக ஆரம்பித்தபோது, "முதல் தடவையே உருப்படியாப் போட்டிருந்தா நான் தைரியமாச் சொல்லியிருப்பேன். இப்ப எந்த முகத்தை வச்சுக்கிட்டுச் சிபாரிசு பண்றது?" என்று கேட்டான்.

வெல்வெட்தான் மிச்சம். பலகைத் தடுப்பில் இடித்து, மடங்கி, தரையில் குவிந்து கிடந்தது. வேறு தையற்கடையில் கேட்டதில், இவ்வளவு கனத்துணியை வெட்டினால் ஓரம் பிரிந்துவிடும், தைத்தவர்களே செய்தால்தான் சரிவரும் என்று கையை விரித்துவிட்டார்கள். "உங்க அக்காகிட்டயே குடுங்க தம்பி, நீங்களே பேசிடுங்க" என்றாள் அண்ணி.

சின்னவன் வாசலில் நின்று போன் போட்டான். மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில் அக்கா எடுத்தாள். சாப்பிட்டாயா, பிள்ளைகள் எப்படி என்றெல்லாம் விசாரித்தாள். அவன் இடம் பார்த்துச் சொன்னான், பக்கத் திரையைக் கொஞ்சம் குறைக்கணும்க்கா என்று.

"அதுக்கென்ன, அனுப்பி வை. எத்தனை அடிக்கு?"

பதினான்கு என்று சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தான். ஆனால் அளவில் பொய் சொன்னால் திரை தொங்காதே.

"பதிமூணு" என்றான்.

அந்தப் பக்கம் மிஷின் நின்றது.

"பதிமூணா?"

"ஆமாக்கா."

"படம் தெரியுதா?"

சின்னவன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே பெரியவன் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"தெரியுதுக்கா" என்றான். "நல்லாத் தெரியுது."

அவள் திட்டவில்லை. ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருந்தால் அவன் அழுதாவது தொலைத்திருப்பான்.

"சரி" என்றாள். "சீட்டுல எழுதித் துணியோட வச்சு அனுப்பு. கோடு போட மறந்துடாதே."

"மிச்சத் துணியை நீயே வச்சுக்கோக்கா. ஒன்பது ஒன்பது அடி, ரெண்டு. நல்ல துணி." எதையாவது கொடுத்துவிட வேண்டும்போல் அவனுக்குப் பரபரப்பாக இருந்தது. "உன் ரூம் ஜன்னலுக்குத் திரையாப் போட்டுக்கலாம்."

"இங்க ஜன்னல் இல்லடா" என்றாள் அக்கா. பிறகு மிஷின் ஓடத் தொடங்கியது.